யார் செய்த பாவம்?

காதர்பேட்டையில் என் மச்சானுடைய பனியன் கடைக்கு மேலே ஒரு சரக்கு அறை இருக்கிறது. மாதத்துக்கு ஒரு முறை அங்கே மூட்டைகளை ஒதுக்கிவிட்டுப் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். நாற்காலி கிடையாது, மூட்டைமேல்தான் உட்கார வேண்டும். ஐரோப்பாவுக்குப் போயிருக்க வேண்டிய சட்டைகள், ஏதோ ஒரு தையல் பிசகிவிட்ட காரணத்தால், தமிழ் இலக்கியத்துக்கு ஆசனமாகக் கிடக்கின்றன.

சென்ற தடவை என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள்: 'விஞ்ஞானத்தின் எல்லையும் மத நம்பிக்கையும்.' இந்த மாதிரித் தலைப்புகளில் எனக்கு உள்ளூர ஒரு சலிப்பு உண்டு. கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்துவிட்டுப் பட்டம் வாங்காமலே வெளியே வந்தவன் நான். விஞ்ஞானத்தைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி அவ்வளவுதான். கோயிலுக்குப் போகிறவன், ஆனால் தவறாமல் போகிறவன் அல்ல. எனவே மதத்தைப் பற்றிப் பேசும் தகுதியும் ஏறக்குறைய அதே அளவுதான். போதாக்குறைக்கு, இந்த விவாதம் எப்படி நடக்கும் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். ஒருவர் எழுந்து, 'விஞ்ஞானத்துக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்கிறது; ஆகவே கடவுள் இருக்கிறார்' என்பார். இன்னொருவர் எழுந்து, 'கடவுளை யாரும் நிரூபிக்கவில்லை. ஆகவே விஞ்ஞானமே போதும்' என்பார். இரண்டு 'ஆகவே'யும் பொய் ஆகவே. பிறகு தேநீர் வரும்.

இதிலிருந்து தப்புவதற்காக நான் இரண்டு பழைய எழுத்துக்களைக் கையோடு கொண்டுபோனேன். இரண்டும் 1934-ஆம் வருஷம் பிப்ரவரி 16-ஆம் தேதி 'ஹரிஜன்' பத்திரிகையில் ஒரே இதழில் வந்தவை. ஒன்று ரவீந்திரநாத் தாகூர் எழுதியது. மற்றொன்று அதற்குக் காந்தி எழுதிய பதில். கருத்துப் போர் என்றால் இன்று நமக்குத் தெரிந்தது வேறு ரகம். தன்னைக் கண்டித்து வந்த கட்டுரையைத் தன் பத்திரிகையிலேயே முழுதாகப் போட்டு, பக்கத்திலேயே பதிலையும் போடுகிற பத்திரிகாசிரியரை இன்று தேடிப் பிடிப்பது கஷ்டம்.

கதை இதுதான். அந்த வருஷம் ஜனவரி 15-ஆம் தேதி மத்தியானம் பீகாரிலும் நேபாளத்திலும் பெரும் பூகம்பம். முங்கேர் நகரம் இடிபாட்டுக் குவியலாயிற்று. முசாபர்பூரும் அப்படியே. பதினாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புக்காக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். பூகம்பம் நடந்து ஒன்பது நாள் கழித்து நம்முடைய திருநெல்வேலியில் பேசினார். இந்தப் பூகம்பம் நம் பாவங்களுக்காகக் கடவுள் அனுப்பிய தண்டனை என்று தன்னைப் போன்றவன் நம்பாமல் இருக்க முடியாது என்றார். எந்தப் பாவம்? தீண்டாமை.

ஜவஹர்லால் நேரு அந்தச் சமயத்தில் முங்கேரில் மண்வெட்டி பிடித்து இடிபாடுகளைத் தோண்டியவர். இந்தப் பேச்சைப் படித்து அவர் திகைத்துப்போனார். பிற்பாடு தம் சுயசரிதையில் அந்தத் திகைப்பைப் பதிவு செய்திருக்கிறார். தாகூர் திகைத்ததோடு நிற்கவில்லை. கடிதத்தோடு ஓர் அறிக்கையும் எழுதிக் காந்திக்கே அனுப்பிவைத்தார்.

தாகூரின் அறிக்கையை எழுத்து என்ற முறையில் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. நன்றாகக் கட்டிய படிக்கட்டு மாதிரி ஒவ்வொரு வாக்கியமும் அடுத்த வாக்கியத்தைத் தாங்குகிறது. ஜடப்பொருளில் நடக்கும் நாசத்துக்குக் காரணம் ஜடப்பொருளில்தான் இருக்க வேண்டும் என்று ஆரம்பிக்கிறார். புவியீர்ப்பு விதி மனிதனுடைய ஈவிரக்கமற்ற தன்மையை எடைபோட்டுப் பார்ப்பதில்லை என்கிறார். அப்படிப் பார்ப்பதாக இருந்தால், பசித்த குடியானவர்களுடைய வறுமையிலும் அறியாமையிலும் கொழுக்கிற ஆலைகள் எல்லாம் இன்னும் அசையாமல் நிற்பானேன் என்று கேட்கிறார். (இந்த ஆலைகளை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வருவேன்.) கடைசியில் ஒரு குத்து: இந்த மாதிரி வாதம் காந்தியைவிட அவருடைய எதிரிகளுக்குத்தான் பொருத்தம், காந்தியும் அவருடைய சீடர்களும் செய்த காரியத்தால்தான் பூமி பிளந்தது என்று அவர்கள் சொல்லியிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன் என்கிறார்.

வழக்கு இங்கேயே முடிந்துவிட்டது. வக்கீலுக்குப் படித்த காந்திக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

இருந்தும் பதில் எழுதுகிறார். பதிலை நான் நாலைந்து தடவை படித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஆனால் கீழே வைக்க முடிவதில்லை. ஏன் பீகார், ஏன் தென்னாடு இல்லை? ஏன் பூகம்பம், ஏன் வேறொன்று இல்லை? ஆதிகாலத்துப் பாவத்துக்கு இப்போது ஏன் தண்டனை? இந்தக் கேள்விகளை எல்லாம் இதற்கு முந்திய ஒரு கட்டுரையிலேயே அவர் வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: நான் கடவுள் அல்ல. சாமர்த்தியமான பதில்தான். ஆனால், அந்தக் கடவுளின் மனத்தில் இருந்த ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தெரியும் என்று திருநெல்வேலியில் சொன்னவர், மீதி விஷயங்களைக் கேட்கும்போது மட்டும் நான் கடவுள் அல்ல என்று ஒதுங்கிக்கொள்ளலாமா? நாவலில் ஒரு பாத்திரம் இப்படிப் பேசினால் அடித்துவிட்டு வேறு எழுதச் சொல்வேன்.

விஞ்ஞானத்தின் எல்லைக்கு அடுத்தபடி வருகிறார். கடவுளுடைய விதிகள் எல்லாம் நமக்குத் தெரியாது. மகா விஞ்ஞானியின் அறிவும் தூசிக்குச் சமானம் என்பது அவர் வாதம். இதைச் சொல்லாத பக்திமான் உலகத்தில் கிடையாது. ஆனால் நியாயமாகப் பார்த்தால், 1934-இல் அதைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. இமயமலை அடிவாரம் ஏன் இப்படிக் குலுங்குகிறது என்று அன்று எந்தப் பேராசிரியரும் திருப்தியாகச் சொல்லியிருக்க முடியாது. கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-இலேயே சொன்ன ஜெர்மானியர் வேகெனரைப் பெரும்பாலான விஞ்ஞானிகள் அன்று ஏற்கவில்லை. அவரும் 1930-இல் கிரீன்லாந்துப் பனியில் செத்துப்போய்விட்டார். பூமியின் மேலோடு பெரிய பெரிய பாளங்களாகப் பிளந்து கிடக்கிறது, அவற்றில் நம்முடைய பாளம் வடக்கே போய் ஆசியாவின் அடியில் முட்டிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் 1960-களில்தான் ஸ்திரப்பட்டது. நகம் வளருகிற வேகத்தில் நகருகிறதாம். அந்த முட்டல் அவ்வப்போது தெறிக்கும்போது பீகார்.

காந்தியின் வாதம் இதில்தான் மாட்டிக்கொள்கிறது. தெரியாத அறையில் சாமியைக் குடிவைத்தால், விளக்குப் போட்ட மறுநாள் சாமி வெளியேற வேண்டியதாகிவிடும். முப்பது வருஷத்தில் விளக்குப் போட்டுவிட்டார்கள். இன்னும் இருட்டாயிருக்கும் அறைகள் உண்டு. பூகம்பம் எந்த நாள், எந்த மணிக்கு வரும் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாதுதான். ஆனால் அந்த அறையில் போய்ச் சாமியை உட்கார வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. என் சாமியின் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை இருக்கிறது.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் கடல் பொங்கியபோது நாம் பார்த்தோமே. நாகப்பட்டினத்தில் மீனவக் குடும்பங்கள் போயின. வேளாங்கண்ணியில், கிறிஸ்துமஸுக்கு வந்து மறுநாள் கடற்கரையில் நின்ற யாத்ரீகர்கள் போனார்கள். சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி பிளந்ததுதான் காரணம் என்று அன்றே தெரிந்துவிட்டது. இருந்தும் அடுத்த வாரம் முழுதும் நான் பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் கேட்ட காரணங்கள் ஏராளம். அவரவருக்குப் பிடிக்காத பாவம் எதுவோ அதுதான் கடலைப் பொங்க வைத்ததாம். தன்னுடைய பாவத்தால் கடல் பொங்கியது என்று சொன்ன ஒருவரைக்கூட நான் சந்திக்கவில்லை.

காந்தியின் கட்டுரையிலேயே மிகவும் பலவீனமான இடம் கடைசியில் வருகிறது. தன் நம்பிக்கை தவறாகவே இருந்தாலும் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. அதனால் தானும் தன்னோடு நம்புகிறவர்களும் இன்னும் தீவிரமாகத் தங்களைச் சுத்தப்படுத்திக்கொள்வார்கள் என்கிறார். போலி மருந்தாயிருந்தாலும் குணமாகிறதே என்று சொல்லும் வைத்தியரை நாம் ஒப்புக்கொள்வோமா? வாழ்நாள் முழுதும் சத்தியத்தைத் தேடியவர், பொய்யானாலும் பிரயோஜனம் உண்டு என்று எழுதும்போது எனக்கு மனசு சங்கடப்படுகிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு நான் அந்த அறையில் உட்கார்ந்திருக்கலாம். தாகூர் ஜெயித்தார் என்று கைதட்டிக் கலைந்திருப்பார்கள். ஆனால் ஒரு வார்த்தை என்னை விடவில்லை. 'நம் பாவங்கள்' என்று சொன்னாரே, அந்த 'நம்'.

இங்கிலீஷில் இந்த வார்த்தைக்குப் பேதம் கிடையாது. கேட்கிறவனைச் சேர்த்துச் சொன்னாலும் ஒன்றுதான், விலக்கிச் சொன்னாலும் ஒன்றுதான். தமிழில் அப்படி நழுவ முடியாது. 'நாம்' என்றால் நீயும் உண்டு. 'நாங்கள்' என்றால் நீ இல்லை. திருநெல்வேலிக் கூட்டத்தில் அவர் பேச்சைத் தமிழாக்கியவருக்கு இரண்டில் ஒன்றைப் பொறுக்கியே தீர வேண்டியிருந்திருக்கும். பீகார்க்காரர்கள் பாவம் செய்தார்கள் என்று காந்தி சொல்லவில்லை. சனாதனிகள் செய்தார்கள் என்றுகூட, சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. குற்றவாளிக் கூண்டில் முதல் ஆளாகத் தாமே ஏறிக்கொண்டு மற்றவர்களைக் கூப்பிட்டார். தாகூரின் அறிக்கையில் எத்தனையோ உயர்வான விஷயங்கள் உண்டு, இது இல்லை. அது சரியாகச் சிந்திக்கச் சொல்லிக்கொடுக்கிறது. படித்து முடித்தவன் எழுந்து போய்ச் செய்ய வேண்டிய காரியம் ஒன்றையும் அது கேட்கவில்லை.

1755 நவம்பர் முதல் தேதி லிஸ்பன் நகரத்தை ஒரு பூகம்பம் அழித்தபோதும் ஐரோப்பாவில் இதே சண்டை நடந்தது. அன்று எல்லாப் புனிதர்கள் தினம். மாதா கோயில்களில் கூட்டம். கருணையுள்ள கடவுள் எங்கே என்று வால்டேர் ஒரு நீண்ட கவிதையில் கேட்டார். மறுவருஷம் ரூஸோ அவருக்கு எழுதிய கடிதத்தில் கேட்ட கேள்வி வேறு: ஆறு அடுக்கு, ஏழு அடுக்கு வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கையா? பூமி குலுங்கியதற்குக் காரணம் எதுவாயிருந்தாலும் இருக்கட்டும், இத்தனை பேர் சாவதற்கு நாம் செய்தது என்ன என்பது அவர் கணக்கு. காந்தியும் சுற்றி வளைத்துத் தொட வந்தது இந்தக் கேள்வியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதைப் பூகம்பத்தின் காரணத்தோடு முடிச்சுப் போட்டுக் கெடுத்துக்கொண்டார்.

பதிலில் கெடுத்ததைக் காரியத்தில் சரிசெய்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மார்ச் மாதம் அவரே பீகாருக்குப் போனார். அங்கே ராஜேந்திர பிரசாத்தின் தலைமையில் நடந்த நிவாரண வேலைக்கு வரவுசெலவுக் கணக்குப் பார்த்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா. லண்டனில் கணக்குப் பரீட்சை கொடுத்துத் தேறியவர், கிறிஸ்தவர், ஏசுவின் உபதேசங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். அவர் நிதிப் பெட்டியை எப்படிக் காத்தார் என்றால், காந்தியின் பரிவாரத்துக்கு ஆகும் செலவையே நிவாரணக் கணக்கில் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இது இடிந்த வீட்டுக்காரனுடைய பணம். மகாத்மா சாப்பிடுகிற பழத்துக்கு அல்ல. காந்தியும் அதை ஒப்புக்கொண்டார். மத நம்பிக்கைக்கு ஒரு படம் வரையச் சொன்னால், நான் பூகம்பத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிற காந்தியை வரைய மாட்டேன். அவருக்கு எதிரே ஒரு கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு 'முடியாது' என்று சொல்கிற அந்தத் தஞ்சாவூர்க்காரரை வரைவேன்.

கணக்கு என்றதும் காதர்பேட்டைக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்போது மூலையில் இருந்த ஓர் அம்மாள் - ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவர் - கேட்டார்:

"ஏனுங்க, பீகார் பூகம்பம் இருக்கட்டுங்க. நம்ம நொய்யலுக்கு எந்தச் சாமி என்னங்க பண்ணுச்சு? எந்த விஞ்ஞானம் என்னங்க பண்ணுச்சு?"

மச்சான் கீழே கடையைப் பார்க்கப் போவதுபோல் எழுந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, உட்கார்ந்துவிட்டார்.

திருப்பூரில் பிறக்காத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்கிறேன். பருத்தி நூல் சாயத்தை லேசில் உறிஞ்சாது. சாயம் நீரைவிட்டு நூலில் ஏறுவதற்காகத் தொட்டியில் உப்பைக் கொட்டுவார்கள். லிட்டருக்கு ஐம்பது கிராம், அறுபது கிராம். அடர்ந்த நிறமென்றால் இன்னும் கூட. கடல் தண்ணீரிலேயே லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம்தான். அதாவது ஒரு கறுப்புச் சட்டைக்காகக் கடலைவிடக் கரிப்பான நீரைச் செய்து, வேலை முடிந்ததும் வெளியே ஊற்ற வேண்டும். சுண்ணாம்பும் அன்னபேதியும் போட்டால் நிறம் பெரும்பாலும் படிந்துவிடும். தண்ணீர் பார்க்க நல்ல தண்ணீர் மாதிரி ஆகிவிடும். உப்பு அப்படியே இருக்கும். உப்பு மக்காது, மட்காது, எரியாது. ஆற்றோடு போகும்.

1992-இல் சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே அணை கட்டினார்கள். விவசாயத்துக்காகக் கட்டிய அணை. தேங்கியது திருப்பூரின் சாய நீர். கடைசியில், அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்சும்படி ஆயிற்று. சுப்ரபாரதிமணியன் இதைப் பற்றிச் 'சாயத்திரை' என்று ஒரு நாவலே எழுதினார். கோர்ட்டு கதவை மூடுவதற்கு எத்தனையோ வருஷங்கள் முன்பு வந்த புத்தகம் அது. நாவல்களைக் கோர்ட்டார் படிப்பதில்லை. அது நாவலின் குற்றமல்ல.

என் சித்தப்பாவின் தோட்டம் அந்த அணைக்குக் கீழே இருந்தது. நான் பள்ளிக்கூட லீவுக்குப் போகும்போது இனித்த கிணறு, கல்லூரி லீவுக்குப் போகும்போது கரித்தது. தென்னை குரும்பையிலேயே உதிர்த்தது. எருமை தொட்டியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அதே வருஷங்களில் அக்காவைக் கட்டிய என் மச்சானுக்குத் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் பங்கு இருந்தது. என்னுடைய இரண்டு வருஷப் பௌதிகத்துக்குப் பணம் கட்டியவர் அவர்தான். உப்பு நீர் மண்ணில் இறங்கினால் வேர் ஏன் நீரை உறிஞ்ச முடியாமல் தவிக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த வகுப்புக்கும் அந்தப் பணம்தான் போயிற்று.

விஞ்ஞானத்துக்கு இதில் தெரியாதது ஒன்றுமே இல்லை. லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்பு இருக்கும் கழிவை வெளியே விடக்கூடாது என்று விதி இருந்தது. அளக்கக் கருவி இருந்தது. பிரித்தெடுக்கவும் வழி இருந்தது. செலவு அதிகம், அவ்வளவுதான். பீகாரில் 'தெரியாது' என்று சொல்லிக்கொள்ள இடமிருந்தது. நொய்யலில் அந்தச் சாக்கும் கிடையாது. அங்கேதான் நான் இந்த எல்லையை முதன்முதலாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். எல்லை என்பது இன்னும் கண்டுபிடிக்காத விஷயத்தில் இல்லை. எல்லாம் தெரிந்துவிட்ட பிற்பாடு, மழை கொட்டுகிற ராத்திரியில், ஆறு எப்படியும் அடித்துக்கொண்டு போய்விடும் என்ற தைரியத்தில் தொட்டி மதகைத் திறந்துவிடுகிற கையிடம் அது நிற்கிறது. அந்தக் கைக்கு 2100 என்ற எண் நன்றாகத் தெரியும்.

சரி, மதம்? அது இன்னும் மோசம் என்றுதான் அந்த அம்மாளுக்குச் சொன்னேன். நொய்யல் சாமானிய ஆறு அல்ல. வெள்ளியங்கிரியில் பிறந்து பேரூர்ப் பட்டீசுவரரைத் தொட்டுக்கொண்டு வருவது. புராணத்தில் அதற்குக் காஞ்சி நதி என்று பெயர். பேரூர்ப் படித்துறையில் இன்றைக்கும் பிதுர்க்கடன் செய்கிறோம். புண்ணிய நதி என்று நம்பியதால் ஒரு குடம் சாயம் குறைந்ததா? மதகைத் திறந்த கையில் பழனியில் கட்டிய கயிறும் இருந்திருக்கும். பட்டறை அலுவலக அறையில் ஆயுத பூஜை தவறாமல் நடந்தது. பொரியும் கடலையும் நானே வாங்கித் தின்றிருக்கிறேன்.

காரியத்தைச் செய்தது மூன்றாவது ஆள். ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் வைத்து வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொன்னது: ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது. அப்போதும் வந்தது. 2011 ஜனவரி 28-ஆம் தேதி உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள் எல்லாவற்றையும் மூடச் சொல்லிவிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள். ஊரே ஸ்தம்பித்தது. மச்சானின் பங்கு போயிற்று. கொஞ்ச நாள் கழித்துக் காதர்பேட்டையில் இந்தக் கடை. நீதிபதிகள் பாவத்தைப் பற்றி விசாரிக்கவில்லை. எண்களைப் பார்த்தார்கள். இதில் தாகூர்தான் சரி.

இவ்வளவு சொன்ன பிறகும் என் சின்னம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சித்தப்பாவின் கிணற்று மேட்டில் ஏழு கல் நட்டிருக்கும். கன்னிமார். ஆடிப் பதினெட்டுக்கு அங்கே பொங்கல் வைப்பது வழக்கம். கிணறு செத்த பிறகும் சின்னம்மா நிறுத்தவில்லை. லாரியில் வருகிற நல்ல தண்ணீரை ஒரு குடம் சேர்த்து வைத்து, அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பொங்குவார். ஒரு வருஷம் நானும் கூடப் போனேன். கல்லூரியை விட்டுவிட்டு வந்திருந்த புதிது, ஆத்திரமான வயசு. "தண்ணியே இல்லாத கெணத்துக்கு எதுக்குங்க சின்னம்மா பொங்கல்?" என்று கேட்டேன்.

"நாம தண்ணியக் கெடுத்துப்போட்டமில்ல. மன்னிப்புக் கேக்கோணுமில்ல."

"நீங்க என்ன கெடுத்தீங்க? கெடுத்தவங்க பட்டறை நடத்திக்கிட்டு இருக்காங்க."

சின்னம்மா சுள்ளியை அடுப்பில் தள்ளிவிட்டு, தான் கட்டியிருந்த சேலையின் முந்தானையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். நல்ல நாவல்பழ நிறம். "இதுக்கு நெறம் எங்கிருந்து வந்துச்சு?" என்றார். பிறகு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உம்பட படிப்புக்கு?" என்றார்.

திருநெல்வேலிக் கூட்டத்தில் காந்தி சொன்ன 'நம்' என்ற வார்த்தைக்கு எனக்குத் தெரிந்த உரை இதுதான். எந்த நிபுணரும் சின்னம்மாவுக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. அவரை யாரும் குற்றம் சாட்டவில்லை. எந்தக் கணக்கிலும் அவர் பெயர் இல்லை. ஏழு கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தபோது மட்டும் தன் பங்கு என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பூகம்பம் ஏன் வந்தது என்று சொல்ல மதத்துக்கு வக்கில்லை. இதற்கு உண்டு என்று நினைக்கிறேன். எப்போதும் அல்ல, எல்லோருக்கும் அல்ல. அந்த மன்னிப்பால் கிணற்றில் ஒரு கல் உப்பும் குறையவில்லை என்பதும் நிஜம்.

பேசி முடித்ததும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுந்தார். "மனசாட்சிக்கு எதுக்குங்க கல்லும் சாமியும்? ஈரோட்டுப் பெரியார் சாமி இல்லைன்னு சொன்னவரு. தீண்டாமைக்கு எதிரா வைக்கத்துல போய் ஜெயிலுக்குப் போனாரு. அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பூகம்பம் என்ற பயமுறுத்தல் இல்லாமலே பெரியார் அந்தக் காரியத்தைச் செய்தார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எல்லோரும் பெரியாராக இருந்துவிட்டால் கன்னிமார் தேவையில்லை என்று சொன்னேன். அது பதில் ஆகாது என்று அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கும் தெரிந்ததுதான். இன்னொன்றும் அவர் சொன்னார்: "எல்லாரும் பாவின்னு சொல்லிட்டா, நெசமாத் தப்பு செஞ்சவன் கூட்டத்துக்குள்ள ஒளிஞ்சுக்குவான்." இதற்கு என்னிடம் பதிலே இல்லை. தேநீர் வந்துவிட்டது.

ஒன்பது மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு மச்சான் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தார். காதர்பேட்டையில் பாதிக் கடைகள் இன்னும் திறந்திருந்தன. ஒரு கடையில் பழனி ஆண்டவர் படத்துக்கு ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. அடுத்த கடையில் மெக்காப் படத்துக்குக் கீழே இருந்த பாய், கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே மச்சானுக்குத் தலையசைத்தார். பொதி வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தோம். அவர் ஒன்றும் பேசவில்லை. நான் பேசியது பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வீட்டு விஷயத்தைப் பத்துப் பேர் நடுவே அவிழ்த்துப் போட்டது தப்புதான்.

பாலத்துக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். கீழே நொய்யல். இருட்டில் தண்ணீர் என்ன நிறம் என்று தெரியவில்லை.

"சின்னத்தை 'நாம'ன்னு சொன்னாங்கன்னு சொன்னீங்களே மாப்ளே," என்றார். "அது தப்புங்க."

"ஏனுங்க மச்சான்?"

"மழை ராத்திரிக்கு மூணு பங்காளிகளும் பட்டறைலதான் இருப்போம். ஒருத்தன் டார்ச் லைட் புடிப்பான்." கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "நாம இல்லீங்க. நாங்க."

பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன்.